டூம்ஸ்டோன்: நடுகல் வேண்டாம், இழவோலை எப்படி?

வணக்கம் நண்பர்களே,

பரவல் தரவுத்தளச் சொற்பட்டியலில் (ஒரே தரவைப் பல கணினிகளில் வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கானது) இன்னும் முடிவாகாமல் நிற்பவற்றில் "டூம்ஸ்டோன்" ஒன்று. ஒரு பதிவை நீக்கும்போது, அது நீக்கப்பட்டது என்று எழுதி வைக்கும் குறிப்புக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நோடுக்கு (அந்தக் கணினிகளில் ஒன்று) கணு, ரெப்ளிக்காவுக்கு (தரவின் நகல்) படி என்று போன மாதமே முடித்துவிட்டோம். ("படி" என்றால் மாடிப்படி நினைவு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏடுகளைப் படியெடுத்தே காப்பாற்றிய மொழியில் இப்படி ஒரு குறை!) டூம்ஸ்டோனுக்கு "நடுகல்" என்று ஓர் அன்பர் முன்வைத்ததும் குழுவே கைதட்டியது. நானும் தட்டினேன். சின்னச் சொல், பழைய சொல், கேட்டவுடன் மனதில் நிற்கிறது. ஆனால் பட்டியலில் ஏற்றலாம் என்று உட்கார்ந்து, கையேட்டிலிருந்து நாலு வாக்கியத்தை எடுத்து அந்தச் சொல்லைப் பொருத்திப் பார்த்தபோது நாலும் பொய் சொல்லின.

அதனால் இரண்டு வாரமாக, இந்தத் தரவுத்தளங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டும் மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் கஸாண்ட்ரா என்ற பரவல் தரவுத்தளத்தின் மூலநிரலில் கை வைப்பவர். இன்னொருவர் அதே கஸாண்ட்ராவை ஓடவிட்டு, நடுராத்திரியில் அது விழுந்தால் எழுப்பி உட்கார வைப்பவர். மூன்றாமவர் காஃப்கா (செய்திகளை வரிசையாகச் சேமித்து அனுப்பும் மென்பொருள்) பக்கம். மூவரும் தமிழர், மூவரும் "டூம்ஸ்டோன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை விளக்கும்போது அவர்கள் வாயில் வந்த தமிழ் வேறு.

நிரல் எழுதுபவரிடம் நேராகவே கேட்டேன்: இதை உங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தர் செத்துப்போனதை வெளியூர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லி அனுப்புற மாதிரி" என்றார். கல் என்ற பேச்சே வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவை மூன்று கணுக்களில் மூன்று படியாக வைத்திருக்கிறோம். அதை நீக்கச் சொல்லி ஆணை வருகிறது. அந்த நேரம் பார்த்து மூன்றாவது கணு படுத்துக் கிடக்கிறது. மற்ற இரண்டும் தங்கள் படியை அடியோடு துடைத்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது எழுந்து வந்து, "என்னிடம் ஒரு பதிவு இருக்கிறது, உங்களிடம் ஏன் இல்லை?" என்று கேட்கும். தங்களிடம் இல்லாதது நீக்கப்பட்டதால் இல்லையா, வந்தே சேராததால் இல்லையா என்று மற்ற இரண்டுக்கும் தெரியாது. வரவில்லை போலும் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும். செத்தது எழுந்து நடமாடும்.

எனவே துடைப்பதற்குப் பதில் எழுதுகிறார்கள். "இந்தப் பதிவு இந்த நேரத்தில் நீக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பும் மற்றவற்றைப் போல ஒரு தரவுதான். மற்றப் படிகளுக்கும் அனுப்பப்படும், நேரமுத்திரை ஒப்பிடப்படும், பிந்தையது வெல்லும். இரண்டு நேரமும் மைக்ரோ நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தால் நீக்கமே வெல்லும் என்பது கஸாண்ட்ராவின் விதி. வட்டில் எழுதி முடித்த கோப்பை அது திருத்துவதும் இல்லை. பழைய கோப்புகள் பலவற்றைச் சேர்த்துப் புதுக் கோப்பாக்கும் வேலை பின்னணியில் நடக்கும்; செத்த பதிவும் அதன் சாவுச் செய்தியும் உண்மையில் மறைவது அப்போதுதான்.

அதற்கும் ஒரு கெடு உண்டு. 8,64,000 நொடி, அதாவது சரியாகப் பத்து நாள். யாரும் மாற்றாவிட்டால் இதுதான் கஸாண்ட்ராவின் இயல்பு அமைப்பு. கணு ஒன்று விழுந்தால், அதற்குப் போகவேண்டிய செய்திகளை மற்றவை மூன்று மணி நேரத்துக்குச் சேர்த்து வைக்கும். அதற்கு மேல் படுத்திருந்தால், பழுதுநீக்க வேலையை நாம்தான் ஓட்டிப் படிகளை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அதுவும் பத்து நாளுக்குள்.

இரண்டாமவர் சொன்ன கதை இந்தப் பத்து நாளைப் பற்றியது. முன்பு அவர் வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கணு வட்டுப் பழுதாகி விழுந்தது. மாற்று வட்டு வாங்கக் கையெழுத்து வரவில்லை. நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், பழைய வட்டையே எப்படியோ உயிர்ப்பித்துக் கணுவைத் திரும்பச் சேர்த்தார்கள். எல்லாம் பச்சை விளக்கு. மறுநாள் காலை, விளம்பரக் குறுஞ்செய்தி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துப் பட்டியலிலிருந்து விலகியவர்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி போயிருந்தது. அவர்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டியபோதுதான் விஷயமே தெரிந்தது. நீக்கப்பட்ட எண்களின் சாவுச் செய்தி மற்ற இரண்டு கணுக்களிலும் பத்தாம் நாளோடு கழிந்துவிட்டது. திரும்பி வந்த கணுவுக்குச் சொல்ல ஆள் இல்லை. "மேனேஜர்கிட்ட போய் 'பேய் வந்துடுச்சு சார்'னுதான் சொன்னேன்" என்றார்.

இப்போது நடுகல்லுக்கு வருகிறேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஆநிரைச் சண்டையில் மாண்டவன் பெயரை இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் இன்று நாம் வாசிக்கிறோம். நடுகல்லின் வேலையே அதுதான். மறக்கக்கூடாதவனுக்கு, மறையக்கூடாத கல். நம் பொருளோ பத்து நாளில் மறைந்தே ஆகவேண்டியது. மறையாமல் குவிந்தால் தரவுத்தளம் திணறும். நடுகல் வீரனுக்கு மட்டும் எடுப்பது. இதுவோ செத்த ஒவ்வோர் எண்ணுக்கும், எழுத்துக்கும். நடுகல் ஓரிடத்தில் ஊன்றி நிற்பது. இது ஒவ்வொரு கணுவாகப் போகவேண்டியது. நாலு வாக்கியமும் ஏன் பொய் சொல்லின என்று புரிந்தது.

ஆங்கிலச் சொல்லிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லறைக்கல்லும் ஊர் ஊராகப் போவதில்லை. நாம் அந்த உருவகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதற்குச் சங்ககாலத்தில் ஓர் இணை தேடிப் பெருமைப்பட்டோம். இத்தனைக்கும் இந்தத் துறையின் தொடக்கத்தில் கல்லே இல்லை. 1987-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆலன் டெமர்ஸும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தங்கள் நிறுவனத்தின் பெயர்ப் பதிவேட்டைப் பல கணினிகளில் எப்படி ஒத்திசைவாக வைப்பது என்பது அவர்கள் கவலை. தொற்றுநோய் பரவுவதுபோல், வதந்தி பரவுவதுபோல் மாற்றங்களைப் பரப்பலாம் என்ற யோசனை அங்கேதான் வேரூன்றியது. நீக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இறப்புச் சான்றிதழ். முப்பது நாள் போல ஒரு கெடு வைத்துக் கழித்துவிடலாம் என்கிறார்கள். சில இடங்களில் மட்டும் அதைத் தூங்க வைத்து, பழைய பதிவு எங்காவது தலைகாட்டினால் எழுப்பி மறுபடி பரப்பலாம் என்கிறார்கள். கல்லைத் தூங்க வைக்க முடியுமா? தாளைத் தூங்க வைக்கலாம். அரசு அலுவலகம் போனவர்களுக்குத் தெரியும்.

ஆனால் "இறப்புச் சான்றிதழ்" நமக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். அதை நாம் கேட்டு வாங்குகிறோம், பத்திரமாக வைக்கிறோம், வங்கியில் நீட்டுகிறோம். இதுவோ கேளாமல் வந்து சேரவேண்டிய செய்தி.

நேராக "நீக்கக்குறி" என்றே வைத்துவிடலாமே என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எச்பேஸ் தரவுத்தளத்தின் கையேடும் ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் சொல்கிறது என்பதால் இதை எளிதில் தள்ள முடியவில்லை. தள்ளக் காரணம் வேறு. பயன்பாட்டு நிரல் எழுதுகிறவர்கள், பதிவை அழிக்காமல் "நீக்கியது: ஆம்" என்று ஒரு புலத்தில் குறித்து வைப்பார்கள், தெரியும் அல்லவா? வேண்டுமென்றால் அந்தக் குறியை எடுத்துப் பதிவைத் திரும்பக் கொண்டுவரலாம். நீக்கக்குறி என்றதும் மாணவருக்கு அதுதான் தோன்றும். நம் பொருளில் குறி இட ஒரு பதிவு இருக்கவேண்டும் என்றே கட்டாயமில்லை. கஸாண்ட்ராவில் இல்லாத பதிவை நீக்கச் சொன்னாலும் இது எழுதப்படும், ஏனென்றால் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. புலத்தில் வெற்று மதிப்பை எழுதினாலும் இது பிறக்கும். பிறக்காதவனுக்கும் சாவுச் செய்தி. இரவுப்பணிக்காரர் இதைச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, என் முன்மொழிவு: இழவோலை.

நான் கண்டுபிடித்த சொல் இல்லை, பழைய அகராதியில் இருப்பதுதான். சாவை அறிவிக்க அனுப்பும் ஓலை. ஓலை போய் அஞ்சலட்டை வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த இழவுக் கடுதாசிகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கும். பாட்டி அதை வாசற்படி தாண்டவிடமாட்டாள். திண்ணையிலேயே யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உடனே கிழித்துப் போட்டுவிடுவாள். செய்தி சேர்ந்ததும் தாளுக்கு வேலை முடிந்தது. எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் கழிக்கலாம், தெரியும்வரை கழிக்கக்கூடாது என்பதுதானே இங்கேயும் சிக்கல்? பத்து நாள் கணக்குக்கும் ஊரில் இணை இருக்கிறது. சில வீடுகளில் முதல் நாள் கல் ஊன்றிப் பத்தாம் நாள் எடுத்துவிடுவார்கள். கல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அந்தக் கல்லைச் சொல்லியிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

"ஒரே வாசிப்பில் 1,000 இழவோலைகளுக்கு மேல் எதிர்ப்பட்டால் கணு எச்சரிக்கும், 1,00,000-ஐத் தாண்டினால் வினவலையே நிறுத்திவிடும்."

"அட்டவணையை வேலைக் கியூவாகப் பயன்படுத்தினால், அடுத்த வேலையை எடுக்க ஒவ்வொரு முறையும் முடிந்த வேலைகளின் இழவோலைக் குவியலைக் கடந்து வரவேண்டியிருக்கும்."

"காஃப்காவில், திறவு இருந்து மதிப்பு வெற்றாக உள்ள பதிவே இழவோலை. பின்தங்கிய நுகர்விகள் பார்ப்பதற்காக இயல்பாக 24 மணி நேரம் விட்டுவைக்கப்படும்."

மூன்றாவது வாக்கியத்தைக் (திறவு என்றால் பதிவின் அடையாளம், நுகர்வி என்றால் பதிவுகளை வாசிக்கும் நிரல்) காஃப்காக்காரரிடம் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை கேட்கவில்லை, முதல் தடவையே புரிந்துகொண்டார். நடுகல் என்று போட்டுப் படித்தபோது "யாருக்குச் சிலை?" என்று கேட்டவர் அவர்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். அடுத்த ஞாயிறு பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

———

மறு: டூம்ஸ்டோன்

ஐயா, வணக்கம்.

> நான் கண்டுபிடித்த சொல் இல்லை, பழைய அகராதியில் இருப்பதுதான்.

அகராதியில் இருப்பது சரி, திரையில் இருக்கமுடியுமா? பத்து ஆண்டாக மென்பொருள் இடைமுகம் மொழிபெயர்க்கிறேன். "கொலை" என்ற சொல்லை ஒரு பொத்தானில் போட்டதற்கு வாடிக்கையாளர் மூன்று பக்கம் கடிதம் எழுதினார். நான் போட்டது ஒரு செயல்முறையை நிறுத்தும் பொத்தான். நீங்கள் ஒரு வங்கியின் கண்காணிப்புத் திரையில் "இழவோலை: 1,204" என்று காட்டச் சொல்கிறீர்கள். காலையில் அலுவலகம் வந்து விளக்கேற்றிவிட்டுத் திரையைத் திறப்பவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. "என்ன இழவுடா இது" என்பது நம் எல்லோர் வாயிலும் நாளுக்கு நாலு முறை வருவது. வசவாகத் தேய்ந்துபோன சொல். இனி அதைக் கலைச்சொல்லாக நிமிர்த்துவது கடினம். பிழைச்செய்தியில் பார்த்தால் எழுதியவர் எரிச்சலில் எழுதிவிட்டார் என்றே நினைப்பார்கள்.

உங்கள் வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். நடுகல் வேண்டாம், அதற்குக் கைதட்டிய எட்டுப் பேரில் நானும் உண்டு, தட்டியதைத் திரும்பப் பெறுகிறேன். நீக்கக்குறியில் நீங்கள் காட்டிய குழப்பமும் உண்மை. எங்கள் அலுவலகத்திலேயே போன மாதம் ஒரு பெண் அந்தப் புலம் எங்கே இருக்கிறது என்று அரை நாள் தேடினாள். "நீக்கச்செய்தி" என்று வைத்தால் என்ன? போவதும் வருவதும் அதில் இருக்கிறது. சாவு இல்லை. யாரும் கடிதம் எழுதமாட்டார்கள்.

நன்றி,
கோவையிலிருந்து

———

மறு: மறு: டூம்ஸ்டோன்

"நீக்கச்செய்தி" என்றால் "நீக்கப்பட்டது" என்று பயனருக்குத் திரையில் காட்டும் வரி என்று எடுத்துக்கொள்வார்கள். நீக்கியதும் கீழே இரண்டு நொடி வந்து மறையுமே, அது.

இழவோலை பற்றி ஒரு வார்த்தை. ஓலை தானாகப் போகவில்லை, அண்ணா. எங்கள் ஊரில் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால், எட்டு மைல் பத்து மைல் நடந்து சொல்லிவிட்டு வரவேண்டியது சேரியில் இருந்த எங்கள் ஆட்கள்தான். என் தாத்தா நடந்திருக்கிறார். அதற்குக் கூலி என்று எதுவும் கிடையாது. போன வீட்டில் கஞ்சி ஊற்றினால் உண்டு. மாட்டேன் என்று சொல்லமுடியாது. அஞ்சலட்டை வந்தபோது அவர் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சொல்லைத் தடைசெய்யச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற பொருத்தம் எனக்கும் பிடித்திருக்கிறது. நானும் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், இந்தக் குப்பையை வாரத்துக்கு ஒருமுறை அள்ளுகிறேன். ஆனால் சொற்பட்டியலின் விளக்கப் பகுதியில் "நம் முன்னோரின் அழகான வழக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவுதான்.

விழுப்புரத்திலிருந்து

———

மறு: மறு: மறு: டூம்ஸ்டோன்

எல்லாருக்கும் வணக்கம்.

பத்து நாள் கணக்கைப் படித்துச் சிரித்தன். எங்கட பக்கம் அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) முப்பத்தோராம் நாள். அப்ப ஜெராக்ஸ் பார்க்காரர் யாழ்ப்பாணத்தார், கஸாண்ட்ராக்காரர் தமிழ்நாட்டார் போல கிடக்கு. பகிடிக்குச் சொன்னாலும் ஒரு விசயம் இருக்கிறது. அந்தக் கெடு அட்டவணைக்கு அட்டவணை மாற்றக்கூடியது. ஆகவே சொல்லுக்குள் நாள் கணக்கைக் கொண்டுவரும் எதுவும் வேண்டாம். புதிதாக வந்த சில தரவுத்தளங்களில் நாள் கணக்கே இல்லாமலும் இருக்கலாம்: சில்லாவில், பழுதுநீக்கம் முடிந்ததா என்று பார்த்து, முடிந்திருந்தால் மட்டும் கழிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று உறுதியான பிறகு கழிப்பது. அதுதான் முறையும்கூட.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எவருக்கும் மரண அறிவித்தல் தெரியும். எங்கட வீட்டில் அது தொடங்கினால் எல்லாரும் வாயை மூடவேண்டும், அப்பம்மா பெயர்களைக் கேட்கவேண்டும். இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று போய், கடைசியில் "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடியும். ஏற்றுக்கொள்ளவும்! சின்ன வயதில் எனக்கு விளங்காத சொல் அது. செய்தியை எப்படி ஏற்றுக்கொள்ளாமல் விடுவது? பிறகு இந்தத் துறைக்கு வந்து, மூன்று படியில் இரண்டு படி "ஏற்றுக்கொண்டேன்" என்று பதில் சொன்னால்தான் நீக்கம் நிறைவேறும் என்று அமைக்கலாம் எனப் படித்தபோது வானொலிதான் ஞாபகம் வந்தது.

"மரண அறிவித்தல்" எங்களுக்குக் கெட்ட சொல் இல்லை. பேப்பரில் தலைப்பாகவே வரும். ஆனால் கலைச்சொல்லுக்கு நீளம். பன்மை போட்டு வேற்றுமை உருபும் சேர்த்தால் "மரண அறிவித்தல்களிலிருந்து" என்று ஒரு ரயில் வருகிறது. இழவோலையையும் மரண அறிவித்தலையும் சேர்த்துச் சுருக்க ஏலுமோ என்று பாருங்கோ. இழவுக்குப் பதில் இறப்பு என்றால் கோவை நண்பருக்கும் பிரச்சினை குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

மறு: மறு: மறு: மறு: டூம்ஸ்டோன்

நண்பர்களே,

விழுப்புரத்துத் தம்பிக்கு முதலில். நான் எழுதியதில் பாட்டியும் திண்ணையும் இருந்தன, கடுதாசி இல்லாத காலத்தில் அந்தத் திண்ணைக்கு யார் நடந்து வந்தார்கள் என்பது இல்லை. எனக்குத் தெரியாதது இல்லை, எழுதத் தோன்றவில்லை. தோன்றாததுதான் தவறு. விளக்கப் பகுதியில் வழக்கம், முன்னோர் எதுவும் வராது. "நீக்கத்தை மற்றப் படிகளுக்குத் தெரிவிக்கும் நேரமுத்திரையிட்ட பதிவு, அனைத்துப் படிகளையும் சேர்ந்த பின் கழிக்கப்படும்" என்று மட்டும் இருக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னபடியே சுருக்கிப் பார்த்தேன். இறப்பறிவிப்பு, இறப்புரை, இறப்போலை. முதலாவது இன்னும் நீளம். இரண்டாவது யாரோ மேடையில் ஆற்றும் உரைபோல் இருக்கிறது. இறப்போலை நிற்கிறது. இழவோலையின் எலும்பு அப்படியே இருக்கிறது, வசவு போய்விட்டது. "இறப்பு" அரசுப் பதிவேட்டில் அன்றாடம் வரும் சொல் என்பதால் வங்கித் திரையிலும் ஒருவாறு தாங்கும் என்று நினைக்கிறேன். "ஓலை" பழையதாகத் தெரியலாம், ஆனால் கல்யாண ஓலை, முகூர்த்த ஓலை என்று இன்னும் புழக்கத்தில் இருப்பதுதான். கோவை நண்பர் "ஒருவாறு" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கட்டும்.

இழவோலைதான் இன்னும் கூர்மையான சொல் என்ற என் எண்ணம் மாறவில்லை. பேச்சில் நான் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன், கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கத்தால் எத்தனை சொற்பட்டியல்கள் யாருக்கும் உதவாமல் போயின என்று நமக்குத் தெரியும்.

இரவுப்பணி நண்பருக்கு நேற்று ராத்திரி அனுப்பினேன். அதிகாலை மூன்றேகாலுக்கு அவரிடமிருந்து பதில், அந்த நேரத்தில் ஏன் விழித்திருந்தார் என்று கேட்கவில்லை: "இறப்போலை ஓகே. ஆனா 1,00,000 தாண்டினா நான் சொல்றது பழைய சொல்தான்."

கிளைச்சொற்களைத் தொடங்கிவைக்கிறேன். ஒரு புலத்துக்கு மட்டுமானது புல இறப்போலை. முழுப்பதிவுக்கு ஆனது பதிவு இறப்போலை. இன்ன எண் முதல் இன்ன எண் வரை என்று ஒரே வீச்சில் நீக்குவதற்கு வீச்சு இறப்போலை என்று வைத்திருக்கிறேன், "தொடர்" என்பவர்கள் காரணத்தோடு எழுதவும். ஆயுள் குறித்து எழுதிய தரவு கெடு முடிந்ததும் தானாகவே இறப்போலையாக மாறுமே, அதற்குத் தனிச் சொல் வேண்டாம், "கெடு முடிந்த தரவு இறப்போலையாகிறது" என்று வாக்கியமாகவே சொல்லிவிடலாம். திரும்பி நடமாடும் செத்த பதிவுக்கு "பேய்ப்பதிவு" என்று எழுதிவைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் கோவை நண்பரின் வாடிக்கையாளர் எத்தனை பக்கம் எழுதினாலும் மாற்றுவதாக இல்லை.

கம்பாக்‌ஷனுக்கு (பழைய கோப்புகளைச் சேர்த்துப் புதுக் கோப்பாக்கும் அந்தப் பின்னணி வேலை) சொல் இன்னும் இல்லை. "அடர்த்தல்", "இறுக்கல்", "ஒடுக்கல்" என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இதில் தொடரவேண்டாம்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து